மணலில் எழுதும் நிரல்

(இலங்கையின் கிழக்குக் கரையோர ஊரான இறக்கக்கண்டியில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1843-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் அடா லவ்லேஸ் என்ற பெண் ஒரு கட்டுரைக்குக் குறிப்புகள் எழுதினார். அப்போது அவருக்கு வயது 27. சார்லஸ் பாபேஜ் என்ற கணிதவியலர் கட்ட நினைத்திருந்த பெரிய கணிப்பு இயந்திரம் ஒன்றைப் பற்றிய கட்டுரை அது. பெர்னூலி எண்கள் என்ற எண்தொடரை அந்த இயந்திரம் கணிக்க வேண்டுமென்றால் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும், எந்தப் படியை மீண்டும் செய்ய வேண்டும் என்று அடா ஓர் அட்டவணை போட்டு வைத்தார். உலகின் முதல் கணினி நிரல் என்று பலர் சொல்வது அந்த அட்டவணையைத்தான். இயந்திரமோ பாபேஜின் காலத்தில் கட்டி முடிக்கப்படவேயில்லை. தாளையும் மையையும் வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு இயந்திரத்துக்கு அந்தப் பெண் நிரல் எழுதினார்.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. இங்கே வந்து இறங்கியதும் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "சேர், எங்கட பிள்ளைகளுக்குச் சின்ன வகுப்பில கம்ப்யூட்டர் இல்ல. டவுனில அஞ்சு வயசிலேயே கோடிங் கிளாஸ் என்று விளம்பரம் போடுறாங்க. எங்கட பிள்ளைகள் பின்தங்கிப் போயிடுமா?" இந்தக் கவலை எனக்கு நன்றாக விளங்குகிறது. என் பதில் இதுதான்: அஞ்சு முதல் பத்து வயது வரை பிள்ளைக்கு வேண்டிய நிரலாக்கப் பாடத்தின் பெரும்பகுதியை இந்த மண்ணில், இந்தக் கரையில், இருக்கும் பொருளை வைத்தே கற்பிக்கலாம். திரை இல்லாததற்கு ஈடுகட்டும் பாடம் என்று இதை நான் சொல்லவில்லை. அந்த வயதில் பாடமே இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியென்றால் பாடம் எது? 1966-இல் கொராடோ போம், ஜுசெப்பே ஜாக்கோபினி என்ற இரண்டு இத்தாலிய அறிஞர்கள் ஒரு தேற்றத்தை நிறுவினார்கள். எவ்வளவு சிக்கலான நிரலையும் மூன்று அமைப்புகளைக் கொண்டே எழுதிவிடலாம்: ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது, நிபந்தனை பார்த்து இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வது, மீண்டும் மீண்டும் செய்வது. வரிசை, தெரிவு, மீளச் செய்தல். வங்கியில் ஓடும் நிரலும் போனில் ஓடும் நிரலும் இந்த மூன்றின் பின்னல்தான். இந்த மூன்றையும் பிடித்துக்கொள்ளப் பிள்ளைக்குத் தட்டச்சுப் பலகை வேண்டியதில்லை.

வரிசையிலிருந்து தொடங்குவோம். புது வகுப்புத் தொடங்கும்போது எல்லா வீட்டிலும் கொப்பிக்கு உறை போடுகிறோம். இந்த வேலையை ஆசிரியை வகுப்பின் முன் எடுத்து வரட்டும். மேசையில் ஒரு கொப்பி, ஓர் உறைத்தாள், கத்தரிக்கோல், பசை. "நான் ஒரு மெஷின். நீங்கள் சொல்வதை மட்டும் செய்வேன்" என்று அவர் சொல்லிவிட வேண்டும். "கொப்பியத் தாளுக்கு மேல வைங்க டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லும். டீச்சர் மூலையில் கோணலாக வைப்பார். "மடிங்க!" என்று இன்னொரு பிள்ளை. டீச்சர் தாளை விட்டுவிட்டுக் கொப்பியையே மடிப்பார். வகுப்பு முழுவதும் கத்தும்: "ஐயோ, அப்படி இல்ல டீச்சர்!" அப்போது அவர் அமைதியாகக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு வகுப்பில் நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். பிள்ளைகள் தங்கள் சொல்லைத் தாங்களே திரும்பிப் பார்க்கத் தொடங்குவார்கள். "தாள மடிங்க" என்று திருத்துவார்கள். எந்தப் பக்கம் என்று டீச்சர் நிற்பார். "நீளப் பக்கத்த" என்பார்கள். எவ்வளவு? "கொப்பியின்ர விளிம்பு வரைக்கும்." இப்படி ஒவ்வொரு சொல்லாகக் கூர்மையாகிக் கொண்டே போகும். ஏழு வயதுப் பிள்ளை, தன் மனத்தில் இருப்பது கேட்பவர் மனத்தில் இல்லை என்று கண்டுகொள்ளும் இடம் அது. இதைச் செய்யும் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை சொல்ல வந்தது உங்களுக்கு விளங்கினாலும், விளங்கியதைச் செய்துவிடாதீர்கள். சொன்னதை மட்டும் செய்யுங்கள். நம் ஆசிரியைகளுக்கு இது கஷ்டமாக இருக்கும். பாதிச் சொல்லிலேயே பிள்ளையின் தேவையை அறிந்து உதவிப் பழகிய கைகள் அவை.

மீளச் செய்தலுக்கு நான் நீண்ட விளக்கம் தரப் போவதில்லை. கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கயிறு இரண்டு பக்கமும். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடி ஒரு இழுவை. மறுபடி அடி, மறுபடி இழுவை. எத்தனை தடவை என்று யாரும் முன்கூட்டி எண்ணிச் சொல்வதில்லை. வலையின் மடி கரையேறும் வரை. நிரலாளர்கள் இரண்டு வகையாக மீளச் செய்வார்கள்: "பத்துத் தடவை செய்" என்பது ஒன்று, "இது நடக்கும் வரை செய்" என்பது இன்னொன்று. பிள்ளையிடம் கேளுங்கள்: கரைவலை இதில் எது? மைதானத்தைச் சுற்றி மூன்று தரம் ஓடு என்று சேர் சொல்வது எது? மடி கரைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க யாருமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? முடிவே இல்லாமல் ஓடி, கணினியை உறைய வைக்கும் பிழை எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கடைசிக் கேள்வியில் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். இப்போது பல கரைகளில் ஆட்களுக்குப் பதில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கிறது; அம்பாவும் அதோடு ஓய்ந்து வருகிறது. பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் இந்த ஊரில் இருக்கும்போதே அவர்களை ஒருநாள் வகுப்புக்குள் அழைத்து வாருங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தெரிவைப் பற்றிச் சொல்ல, இந்த ஊரில் தயக்கத்தோடுதான் ஓர் உதாரணத்தை எடுக்கிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். இந்தக் கூட்டத்தில் அந்த நாளில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இருப்பீர்கள். ஆனால் நிபந்தனை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் எனக்குத் தெரியாது. அதோடு, கடலோரப் பிள்ளைகளுக்கு இது எப்படியும் தெரிந்திருக்க வேண்டியது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் விதி இது: நிலம் பலமாக, நெடுநேரம் ஆடினால், அல்லது கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால், அல்லது எச்சரிக்கை ஒலித்தால், மேட்டுக்கு ஓடு. இதில் இரண்டு முறை வரும் "அல்லது" என்ற சொல்லைக் கரும்பலகையில் வட்டமிடுங்கள். பிறகு அதை அழித்துவிட்டு "மேலும்" என்று எழுதுங்கள். நிலம் ஆடி, மேலும் கடல் உள்வாங்கி, மேலும் எச்சரிக்கை ஒலித்தால் ஓடு. இந்த விதியோடு 2004-இல் என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகள் யோசிக்கட்டும். அன்று பூமி அதிர்ந்தது சுமாத்திராவுக்கு அருகில். நம் கரையில் நின்றவர்களை ஓட வைக்கும் அளவுக்கு நிலம் ஆடவில்லை. எச்சரிக்கை ஒலிக்கவும் அன்று ஏற்பாடு இல்லை. தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. ஆனால் அதிர்வு நடந்த இடத்துக்கு மேற்கே, நம் பக்கம், முதலில் வந்து சேர்ந்தது உயர்ந்தெழுந்த அலை. உள்வாங்கினால் மட்டும் ஓடு என்று ஒரே நிபந்தனையை நம்பி நின்றாலும் ஆபத்துத்தான். ஆகவே விதியில் இன்னும் ஒரு "அல்லது" சேர வேண்டும்: கடல் வழமைக்கு மாறாக உயர்ந்தால். இப்படிப் பேசிப் பேசிப் பிள்ளைகளே விதியைத் திருத்தி எழுதட்டும். ஒரு சின்ன இணைப்புச் சொல் மாறினால் விதியே தலைகீழாகிவிடும் என்பதைப் புரிந்துகொண்ட பிள்ளை பின்னாளில் நிரல் எழுதும்போது நிபந்தனைகளை அலட்சியமாக எழுதாது. எந்தக் கணினி அறையின் திறப்புவிழாவையும்விட அந்த அறிவைப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

இனிக் கடற்கரைக்குப் போவோம்; போகும் முன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்னாபிரிக்காவில் பிறந்து, ஜெனீவாவில் பியாஜே என்ற குழந்தை உளவியல் மேதையோடு பணியாற்றி, பின்பு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தவர் சீமோர் பேப்பர்ட். 1967-இல் சிந்தியா சாலமன், வாலஸ் பொய்ர்சைக் ஆகியோரோடு சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் பிள்ளைகளுக்கான லோகோ என்ற நிரல்மொழி. அதில் ஒரு ஆமை உண்டு. முன்னே போ, வலம் திரும்பு என்று சொன்னால் அது நகர்ந்து கோடு வரையும். பேப்பர்ட் வலியுறுத்திய ஒரு செய்தியைப் பலர் மறந்துவிட்டார்கள். பிள்ளை தடுமாறினால் திரையைப் பார்க்கச் சொல்லாதீர்கள், எழுந்து நின்று ஆமையாகவே நடந்து பார்க்கச் சொல்லுங்கள் என்பதுதான் அது. உடம்பு அறிந்ததை மனம் எளிதில் அறியும் என்று அவர் நம்பினார்.

ஆகவே கணினி வாங்குவதற்கு முன்பே ஆமை நம்மிடம் இருக்கிறது. மணலில் தடியால் ஆறுக்கு ஆறு கட்டம் கீறுங்கள். ஒரு மூலையில் ஒரு பிள்ளை ஆமையாக நிற்கட்டும். இன்னொரு கட்டத்தில் ஒரு தேங்காய். நடுவே சில கட்டங்களில் கல் வையுங்கள்; அங்கே கால் வைக்கக் கூடாது. பழைய காலண்டர் அட்டையை வெட்டி மூன்று வகைச் சீட்டு: முன்னே ஒரு கட்டம், இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு. ஒரு பிள்ளை சீட்டுகளை வரிசையாக அடுக்கும், இரண்டாவது பிள்ளை ஒவ்வொன்றாக வாசிக்கும், ஆமை வாயைத் திறக்காமல் செய்யும். அடுக்கும் பிள்ளை ஆமை நடக்கத் தொடங்கிய பின் குறுக்கே பேசக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்; நிரல் எழுதுவதும் நிரல் ஓடுவதும் வேறு வேறு வேலை என்பது அதில்தான் இருக்கிறது.

முதல் தடவை ஆமை கல்லில்தான் போய் நிற்கும். பெரும்பாலும் காரணம் இடமும் வலமும். ஆமை நம்மைப் பார்த்து நிற்கும்போது அதன் இடம் நமக்கு வலம். பிள்ளை எழுந்து போய் ஆமையின் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையில் தானும் பார்த்து, பிறகு சீட்டை மாற்றும். அங்கே அவசரப்படாதீர்கள். "எல்லாத்தையும் கலைச்சிட்டு முதல்ல இருந்து அடுக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். எந்தச் சீட்டு வரை சரியாக வந்தது என்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிழையான அந்த ஒரு சீட்டை மட்டும் மாற்றி, ஆமையைத் தொடக்கக் கட்டத்தில் நிறுத்தி, மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். தொழில்முறை நிரலாளர்களின் நேரத்தில் பெரும் பங்கு இந்த வேலைக்குத்தான் போகிறது. நம் பரீட்சைப் பழக்கத்தில் பிழை என்றால் சிவப்புக் கோடு, குறைந்த புள்ளி, வெட்கம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடும் பிள்ளைகளுக்கு, பிழை என்பது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு சீட்டு என்று தெரியவே சந்தர்ப்பம் கிடைப்பதில்லை. அந்தச் சந்தர்ப்பத்தை இந்தக் கட்டம் கொடுக்கும்.

இந்த வகைப் பாடங்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்கள் நியூசிலாந்தின் கன்டர்பரிப் பல்கலைக்கழகத்து டிம் பெல்லும், அவரோடு இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோரும். 1990களில் அவர்கள் தொகுத்த விளையாட்டுகள், கணினியைத் தொடாமல் கணினியியல் கற்பிப்பவை. அவற்றில் ஒன்றை நம் சோழியால் செய்து காட்டுகிறேன். அட்டையைவிடச் சோழி இதற்கு வசதி. நிமிர்ந்தும் கவிழ்ந்தும் விழுவதைத் தாயம் ஆடும் பிள்ளை ஏற்கெனவே அறியும்.

ஒரு பிள்ளை 25 சோழிகளை ஐந்துக்கு ஐந்தாக, தன் விருப்பப்படி நிமிர்த்தியும் கவிழ்த்தும் அடுக்கட்டும். "இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குவோம்" என்று சொல்லி ஆசிரியர் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு சோழி, ஒவ்வொரு நெடுவரிசையின் அடியிலும் ஒரு சோழி, மூலையில் ஒன்று என்று சேர்க்கிறார். இப்போது ஆறுக்கு ஆறு, மொத்தம் 36. அவர் மனத்துக்குள் செய்வது இவ்வளவுதான்: எந்த வரிசையை எண்ணினாலும், எந்த நெடுவரிசையை எண்ணினாலும், நிமிர்ந்த சோழிகள் இரட்டை எண்ணிக்கையில் வரும்படி வைக்கிறார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒரு பிள்ளை ஏதாவது ஒரு சோழியை மட்டும் புரட்டி வைக்கிறது. ஆசிரியர் திரும்பி, ஒற்றை எண்ணிக்கை வரும் வரிசையையும் நெடுவரிசையையும் தேடுகிறார்; இரண்டும் சந்திக்கும் இடத்தில் விரலை வைக்கிறார். பிள்ளைகளுக்கு இது மாயம். மாயத்தை உடனே உடைத்துக் காட்டிவிடாதீர்கள், இரண்டு நாள் வைத்திருங்கள். யாராவது ஒரு பிள்ளை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கும்.

கம்பியிலும் காற்றிலும் போகும் செய்தியில் ஒரு துணுக்குக் கெட்டுப்போனால் அதைப் பெறும் கணினி அறிந்துகொள்வது இந்த வழியின் வளர்ந்த வடிவங்களால்தான்; அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட பிழைதிருத்தும் குறியீடு அதில் ஒரு மைல்கல். இதைப் போன்ற ஒரு சோதனையைக் காட்ட, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய பிஸ்கட் பைக்கற்றைக் கொடுங்கள். அதில் உள்ள பட்டைக்குறியீட்டின் கோடுகளுக்கு அடியில் 13 இலக்கங்கள் இருக்கும். இலங்கையில் பதிவானதென்றால் 479 என்று தொடங்கும். இடமிருந்து ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள். இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்தால் கடைசியில் எப்போதும் 0 வரும். வராவிட்டால் கூட்டலில் பிழை அல்லது இலக்கத்தை வாசித்ததில் பிழை. கடைக்கார நானாவின் இயந்திரம் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் செய்து பார்க்கிறது.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டே குறிகளால் எழுதும் கணினியின் துவித எண்முறை உங்கள் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. அசை இரண்டே வகை: நேர், நிரை. ஓரசைச் சீர் இரண்டு. ஈரசைச் சீர் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு. மூவசைச் சீர் எட்டு. நாலசைச் சீர் பதினாறு. ஒரு இடம் கூடினால் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. நேருக்குக் கவிழ்ந்த சோழி, நிரைக்கு நிமிர்ந்த சோழி என்று வைத்து ஒரு சீரை அடுக்கிக் காட்டச் சொன்னால், யாப்பும் துவிதமும் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும்.

நம் பெண்களின் கைவேலை கணினியியலுக்குள் நுழைந்த வரலாறும் உண்டு. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியரும் கமலா கிருத்திவாசனும் 1970களில் கோலத்தை ஆராய்ந்தார்கள். புள்ளிக் கோலத்தைச் சில விதிகளால் பிறப்பிக்கலாம் என்று அவர்கள் 1974-இல் எழுதிய கட்டுரை, படங்களை உருவாக்கும் இலக்கணங்கள் பற்றிய ஆய்வில் இன்றும் பேசப்படுகிறது. கம்பிக் கோலத்தை நேராகப் போவது, திரும்புவது, வளைந்து சுற்றுவது என்ற சில அசைவுகளின் தொடராகவும் கிஃப்ட் சிரோமணி பின்னர் விளக்கினார். மணலில் நாம் விட்ட ஆமையின் சீட்டுகளும் அவைதான். இந்த ஊரில் எல்லா வாசலிலும் கோலம் இருக்காது. ஆனால் பன்பாய் இழைக்கத் தெரிந்த மூத்தம்மாமார் கிழக்கில் இருக்கிறார்கள். எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று அவர்கள் கை எண்ணுவதைப் பேரப்பிள்ளை கட்டக் கொப்பியில் குறித்து எடுத்தால் அது ஒரு நிரல். நெசவின் மேல்-கீழைத் துளையிட்ட அட்டையில் குறித்த ஜக்கார்டின் தறியிலிருந்துதான் பாபேஜ் தன் இயந்திரத்துக்கு அட்டை யோசனையை எடுத்தார்.

ஆசிரியர்கள் எல்லாவற்றையும் தாங்களே புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. இந்தியாவில் ஏசிஎம் என்ற கணினியியலாளர் அமைப்பு 2016 முதல் சிஎஸ்பாட்சாலா என்ற பெயரில் கணினி இல்லாமல் கணினிச் சிந்தனை கற்பிக்கும் பாடங்களைத் தயாரித்து வருகிறது. தமிழ்நாட்டில் 2018 முதல் புதுப்பிக்கப்பட்ட கணிதப் பாடநூல்களில் "தகவல் செயலாக்கம்" என்ற அலகே இருக்கிறது. அந்தப் பாடநூல்கள் நம் மொழியில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லித்துவேனியாவில் வாலன்டினா டகியெனே 2004-இல் தொடங்கிய பேப்ராஸ் என்ற போட்டியின் கேள்விகளையும் பாருங்கள். நிரல் மொழி எதுவும் தெரியாமல் யோசித்து விடை காணும் கேள்விகள் அவை. இலங்கையும் அதில் பங்கேற்கிறது.

கடைசியாக, கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டிய ஒன்று. இந்த உரையைக் கேட்டுவிட்டு, "கரையோரப் பிள்ளைகளுக்குச் சோழியும் மணலும் போதும், கணினி எதற்கு" என்று எந்த அதிகாரியாவது சொன்னால், அவருக்கு நான் துணை நிற்க மாட்டேன். சோழி விளையாட்டு தன்னளவில் நின்றுவிட்டால் அது விளையாட்டாகவே போய்விடும். இன்று மணலில் செய்தது நாளை கணினியில் எங்கே வருகிறது என்று ஆசிரியர் இணைத்துக் காட்ட வேண்டும், பிறகு பிள்ளை தன் கையால் ஒரு கணினியில் அதைச் செய்து பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் ஃபெலியன் ஹெர்மன்ஸும் எஃப்திமியா ஐவாலோக்லூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு சான்று. 35 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள், எட்டு வாரம். ஒரு குழு தொடக்கம் முதலே ஸ்கிராச் என்ற நிரல்மொழியில் வேலை செய்தது. மற்றக் குழு முதல் நான்கு வாரம் கணினியைத் தொடாமல் கற்றுவிட்டுப் பிறகு ஸ்கிராச்சுக்கு வந்தது. முடிவில் இரு குழுவின் அறிவிலும் வேறுபாடு இல்லை. பாதிக் காலம் கணினியே இல்லாமல் கற்றவர்கள் எதையும் இழக்கவில்லை. தங்களால் முடியும் என்ற நம்பிக்கை அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. இதில் இரண்டாவது நான்கு வாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த நான்கு வாரம் நம் பிள்ளைகளுக்கும் உரியது.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது: ஆறாம் தரத்துக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை செய்யும் ஒரு கணினியில் வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது கிடைக்கிறதா என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். அறை இருந்தால் அது பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஆறாம் தரத்துக்கு இன்னும் சில வருடம் இருக்கும் பிள்ளைகளின் ஆசிரியர்களோ எதற்கும் காத்திருக்க வேண்டாம். வெளியே மணலில் கட்டம் கீறி வைத்திருக்கிறோம், சீட்டும் தயார். முதல் ஆட்டத்துக்கு ஆமையாக நிற்க வாப்பாமாரில் ஒருவரும் அம்மாமாரில் ஒருவரும் முன்வர வேண்டும். சீட்டுகளைப் பிள்ளைகள் அடுக்குவார்கள். சொன்னதை மட்டும் செய்யுங்கள்.